இடது எங்கே போனது

அண்ணி: அந்த நாற்காலில உக்காராதே, ஒரு கால் ஆடும். ஸ்டூலை இழுத்துக்கோ.

நாத்தனார்: செயற்கைக் கால் செய்யற பட்டறைல நாற்காலிக்கு ஒரு கால் சரியில்ல. யாராவது கேட்டா சிரிப்பாங்க அண்ணி.

அண்ணி: வந்ததும் வராததுமா நாத்தனார் வேலையை ஆரம்பிச்சுட்ட பார். சாப்பிட்டியா?

நாத்தனார்: ஆச்சு. மணி மூணாகப் போகுது. நாலுக்கு என்னமோ இருக்குன்னு அண்ணன் போன்ல சொன்னான். முழுசா சொல்லல.

அண்ணி: அவருக்கு முழுசாத் தெரியாது. நான் சொல்லல.

நாத்தனார்: எனக்குச் சொல்லுங்க.

அண்ணி: சொல்ல என்ன இருக்கு... நான் கம்ப்யூட்டர்ல இடதுன்னு தட்டறேன். மிஷின் நுரைக்கட்டையை வலதுக்குச் செதுக்குது. ரெண்டு மாசத்துல நாலு தடவை.

நாத்தனார்: நாலா?

அண்ணி: மூணு ஆளு. அதுல கண்டக்டர் அம்மாவுக்கு மட்டும் ரெண்டு தடவை. பாவம் பாப்பா அவங்க. மாட்டிட்டு எழுந்து நின்னு, "நடந்தா சரியாயிடும்"ன்னு உதட்டைக் கடிச்சுட்டு சிரிக்கறாங்க. கழட்டிப் பாத்தா வெளிப்பக்கம் எலும்பு மேல தோல் உரிஞ்சிருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நாத்தனார்: மாட்டறதுக்கு முன்னாடி பாத்தா தெரியாதா?

அண்ணி: எப்படித் தெரியும்? அளவு என்னவோ அவங்க காலோட அளவுதானே. உன் புரோகிராம் அதுமேல என்ன பண்ணுது, முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம் முட்டற எலும்புக்கு நுரைக்கட்டைல ஒரு சின்ன மேடு வைக்குது. அதுமேல கால் நுழையற கூட்டை அச்சு எடுத்தா அந்த இடத்துல குழி விழும், எலும்பு அதுல சொகமா உக்காந்துக்கும். இடதுகாலை வலதுன்னு நெனச்சுட்டா?

நாத்தனார்: மேடு உள்பக்கம் போயிடும்.

அண்ணி: அவ்வளவுதான். கண்ணுக்கு ஒரு விரல் நகம் அளவு வித்தியாசம். காலுக்கு நரகம்.

நாத்தனார்: மேலாளர் என்ன சொல்றார்?

அண்ணி: "வலதுன்னு தட்டினது நான்தான்"னு இன்னிக்கு நாலு மணிக்குள்ள எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம். கொடுத்தா மிஷின்ல இருந்து எடுத்து, கால்ல கட்டற பட்டை வெட்டற மேஜைக்கு மாத்திடுவார்.

நாத்தனார்: கொடுக்கலேன்னா?

அண்ணி: அப்போ தப்பு புரோகிராம்லன்னு ஆகும். அடுத்த வாரம் ஒன்பது பட்டறைக்குப் போகப் போகுதே உன் புரோகிராம், அது நிக்கும். ரெண்டுல ஒண்ணு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல, தலைமை அலுவலகத்துக்கு அவர் ஏதாவது ஒரு காரணம் காட்டணும்ல.

நாத்தனார்: நீங்க எழுதாதீங்க. இன்னும் எழுதலதானே?

அண்ணி: நீ முதல்ல இதைப் பாரு வா. எனக்கு எப்படின்னு தெரிஞ்சாகணும். மண்டை காயுது.

நாத்தனார்: அண்ணி... கோவிச்சுக்காம சொல்லுங்க. அவசரத்துல கை தவறி...

அண்ணி: ஒரு தடவை தவறலாம். நாலு தடவையுமா? அதுவும் இடதை வலதுன்னு தவறுது, வலதை இடதுன்னு ஒரு நாளும் தவறல. அப்படி ஒரு கை இருக்குமா சொல்லு.

நாத்தனார்: ம்... அது நல்ல கேள்வி.

அண்ணி: ஏதோ உன்னளவுக்குப் படிக்கலேன்னாலும்...

நாத்தனார்: ஆரம்பிக்காதீங்க. நீங்க தட்டினது ஏதாவது பதிவு இருக்கா?

அண்ணி: இந்த நோட்டு. தட்டறதுக்கு முன்னாடி வரியை அப்படியே எழுதிப்பேன். தட்டினதும் ஒரு டிக். மேலாளர்கிட்ட காட்டினேன். "நோட்டுல இடதுன்னு எழுதிட்டு மிஷின்ல வலதுன்னு தட்டியிருக்கலாமே"ன்னுட்டார்.

நாத்தனார்: எல்லா வரியும் இருக்கா? வாங்கற சாமானுக்குக்கூட டிக் போடற ஆளு நீங்கன்னு அண்ணன் சொன்னப்போ நம்பல.

அண்ணி: அவரு வாங்கிட்டு வராததுக்கும் சேத்து டிக் போடுவாரு. என்னைச் சொல்ல வந்துட்டாரு.

நாத்தனார்: சரி, ரெண்டு மாசத்துல எத்தனை இடதுகால்?

அண்ணி: பதினொண்ணு. ஏழு சரி. நாலு தப்பு.

நாத்தனார்: தப்பான நாலும் ஒரே கிழமையா?

அண்ணி: பாத்துட்டேன். இல்ல.

நாத்தனார்: நுரைக்கட்டை?

அண்ணி: ஒரே சரக்கு.

நாத்தனார்: கரண்ட் போயிருந்ததா?

அண்ணி: கரண்ட் போனா இடது வலதாகுமா? என்ன பேச்சு பேசற.

நாத்தனார்: தெரியாதப்போ எல்லாத்தையும் கேட்கணும் அண்ணி. நாலு வரியையும் சத்தமா படிங்க.

அண்ணி: செதுக்கு... கோட்ஸ்... பதினெட்டு மறு... கோட்ஸ்... இடது... ஆறு. கோட்ஸ்னா இந்த மேற்கோள் குறி. அந்த ஆறு கனம், ஆறு மில்லிமீட்டர். அடுத்தது, செதுக்கு, இருபத்தேழு மறு, இடது, அஞ்சு. அடுத்தது...

நாத்தனார்: மறுன்னா?

அண்ணி: ரெண்டாவது தடவை வந்தவங்க. முதல் தடவை வந்தா அவங்க அளவு இருக்கற ஃபோல்டர் பேரு வெறும் இருபத்தேழு. உடம்பு இளைச்சு, மாட்டின கால் தளர்ந்து திரும்ப வந்தா இருபத்தேழு மறு.

நாத்தனார்: நாலும் மறுவா?

அண்ணி: இரு... ஆமா. நாலும் மறு.

நாத்தனார்: சரியா வந்த ஏழு?

அண்ணி: ஒண்ணு, ரெண்டு... ஏழும் புதுசா வந்தவங்க. அட. இதை நான் பாக்கலியே பாப்பா.

நாத்தனார்: இருபத்தேழுக்கும் மறுவுக்கும் நடுவுல இடம் விட்டிருக்கீங்க.

அண்ணி: இடம் விட்டா மிஷின் அங்கயே வெட்டிடும்னு நீ சொன்னியே.

நாத்தனார்: ஆமா. நீங்க தட்டற வரி என் புரோகிராமுக்குத் துண்டு துண்டாத்தான் வரும். எங்க இடம் இருக்கோ அங்க ஒரு வெட்டு.

அண்ணி: அதுக்குத்தான் பேருக்கு ரெண்டு பக்கமும் கோட்ஸ். அதுக்குள்ள இருக்கற இடத்துல வெட்டாதுன்னு சொன்னே. போட்டிருக்கேன் பாரு, திறந்திருக்கேன், மூடியிருக்கேன்.

நாத்தனார்: மூடறதுக்கு முன்னாடி இது என்ன கோடு? சாஞ்ச கோடு?

அண்ணி: அதுவும் நீ சொன்னதுதான்.

நாத்தனார்: நானா?

அண்ணி: மிஷின் மேல ஒட்டியிருக்கு பாரு, உன் கையெழுத்துல. "ஃபோல்டர் பேர் முடிந்ததும் சாய்கோடு போடவும்." ஒண்ணரை வருஷமா போடறேன். வெறும் இருபத்தேழுன்னாலும் போடுவேன், இருபத்தேழு மறுன்னாலும் போடுவேன்.

நாத்தனார்: ஐயோ.

அண்ணி: என்ன ஐயோ?

நாத்தனார்: கோட்ஸ் இல்லாத பேருல அந்தக் கோடு இருந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா கோட்ஸை ஒட்டி முன்னாடி வந்தா... அதுக்கு வேற அர்த்தம் அண்ணி.

அண்ணி: என்ன அர்த்தம்?

நாத்தனார்: "இந்தக் கோட்ஸ் மூடறதுக்கு இல்ல, இதை ஒரு எழுத்தா எடுத்துக்கோ."

அண்ணி: எதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு?

நாத்தனார்: யாருக்காவது நிஜமாவே கோட்ஸை உள்ள அனுப்பணும்னா? கோட்ஸ்னாலே மூடறதுன்னு வெச்சுட்டா அனுப்பவே முடியாதே.

அண்ணி: ஓ... அதுவும் சரிதான். அப்போ சாஞ்ச கோட்டையே உள்ள அனுப்பணும்னா?

நாத்தனார்: ரெண்டு போடணும்.

அண்ணி: ரெண்டு கோடு உள்ள போகணும்னா?

நாத்தனார்: நாலு.

அண்ணி: எல்லா இடத்துலயுமா?

நாத்தனார்: இல்ல. கோட்ஸை ஒட்டி இருந்தா மட்டும். மத்த இடத்துல ஒரு கோடு போட்டா ஒரு கோடுதான்.

அண்ணி: இது யாரு வீட்டுச் சட்டம்? மாமியாருக்கு எதிர்ல ஒரு பேச்சு, மத்த இடத்துல ஒரு பேச்சுங்கற மாதிரி.

நாத்தனார்: அம்மாகிட்ட சொல்லட்டுமா?

அண்ணி: சொல்லு, சொல்லு. உங்கம்மாவே சிரிப்பாங்க. ஆனா எனக்கு இது பிடிச்சிருக்கு பாப்பா. கிறுக்கு மாதிரி இருக்கு, ஆனா யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க. சரி, இப்போ நான் மூடினது மூடல. அப்புறம்?

நாத்தனார்: மூடலேன்னா எல்லாம் உள்ளதான். இடம், இடது, இடம், ஆறு... கடைசி வரைக்கும் ஒரே துண்டு.

அண்ணி: பேரே எல்லாத்தையும் விழுங்கிடுச்சுங்கற.

நாத்தனார்: அப்படித்தான் நெனைக்கறேன்.

அண்ணி: நெனைக்காதே. காட்டு.

நாத்தனார்: செதுக்கற மிஷினை மட்டும் அணைச்சுடுங்க, கட்டை வீணாகும். புரோகிராம் கைக்கு வந்த துண்டுகளை ஒவ்வொரு வரியா திரைல காட்டச் சொல்றேன். ஒரு நிமிஷம்... ம், இப்போ தட்டுங்க. முதல்ல வெறும் இருபத்தேழு.

அண்ணி: செதுக்கு, இருபத்தேழு, சாஞ்ச கோடு, இடது, அஞ்சு. செதுக்குங்கறது புரோகிராம் பேரு, அது போக மூணு வரி வந்திருக்கு. இருபத்தேழு ஒரு வரி, இடது ஒரு வரி, அஞ்சு ஒரு வரி.

நாத்தனார்: இப்போ மறு. கோட்ஸோட. எப்பவும் தட்டற மாதிரியே.

அண்ணி: இதோ... ஒரே வரி. இருபத்தேழு மறு, ஒரு கோட்ஸ், இடது, அஞ்சு. எல்லாம் ஒட்டிக்கிட்டு. இடது இருக்கு பாப்பா. இருக்கு பாரு. நான் தட்டியிருக்கேன்.

நாத்தனார்: தட்டியிருக்கீங்க. நாலு தடவையும் தட்டியிருக்கீங்க அண்ணி.

அண்ணி: இரு... ஒரு நிமிஷம் இரு. கண்ணு கலங்குது. ரெண்டு வாரமா தூக்கமில்ல தெரியுமா. என் கையையே நான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். புத்தி ஏதாவது பிசகிடுச்சோன்னு.

நாத்தனார்: தண்ணி குடிங்க.

அண்ணி: குடிச்சாச்சு. சரி, தனியா ஒரு துண்டா வராததால இடதுன்னு அதுக்குத் தெரியல. தெரியலேன்னா ஏன் வலது?

நாத்தனார்: எதுவும் சொல்லலேன்னா வலதுன்னு எடுத்துக்கோன்னு எழுதியிருக்கேன். கனம் சொல்லலேன்னா நாலு.

அண்ணி: ஏன், ஊர்ல எல்லாருக்கும் வலதுகால்தான் போகுமா?

நாத்தனார்: எழுதறப்போ முதல்ல வந்த ஆளுக்கு வலதுகால். அதையே போட்டுட்டேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கறேன்.

அண்ணி: கனம் நாலா... அப்போ அந்த நீச்சல் வாத்தியார். வலதுகால், மறு. ஆறு தட்டினேன், மெலிசா வந்தது. கட்டை சரியில்லேன்னு சப்ளை ஆளைத் திட்டிட்டேன். அவனுக்கு ஒரு போன் போடணும்.

நாத்தனார்: பாத்தீங்களா, எல்லாம் பொருந்துது. கடைசிக் கோட்டை எடுத்துடுங்க, அவ்வளவுதான். அந்தச் சீட்டையும் கிழிச்சுடறேன். மேலாளர்கிட்ட நான் பேசறேன். இது கம்ப்யூட்டரோட விதி, யார் மேலயும் தப்பில்லன்னு சொல்லிடறேன். கிளம்பவா?

அண்ணி: எங்க கிளம்பற? உக்காரு. இன்னும் ஒண்ணு இருக்கே.

நாத்தனார்: என்ன?

அண்ணி: விழுங்கினது எங்க போச்சு?

நாத்தனார்: புரியல.

அண்ணி: இந்த ஒரே வரி இருக்குல்ல, இருபத்தேழு மறு, கோட்ஸ், இடது, அஞ்சு. இதைத்தானே ஃபோல்டர் பேருன்னு அது நெனைக்குது?

நாத்தனார்: ம்.

அண்ணி: அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாதே. தெரியாத பேரைக் கொடுத்தா சிவப்புல கத்தும்னு நீ சொன்னே. ஏன் கத்தல? இருபத்தேழு மறுவைச் சரியாக் கண்டுபிடிச்சு, அந்த அளவைச் சரியா எடுத்துச் செதுக்கியிருக்கு. அப்போ யாரோ அந்த வால் பகுதியை வெட்டி எறிஞ்சிருக்கணும்ல?

நாத்தனார்: அது... விண்டோஸே சில சமயம் சரி பண்ணிக்கும்.

அண்ணி: சில சமயமா? நாலு தடவையும் பண்ணியிருக்கே.

நாத்தனார்: பண்ணும்.

அண்ணி: அப்போ முன்னாடி ஏன் பண்ணல?

நாத்தனார்: முன்னாடின்னா?

அண்ணி: இந்தா, நோட்டோட இந்தப் பக்கம். அஞ்சாம் நம்பர் மறு, ஒன்பது மறு. டிக் இல்ல, பெருக்கல் குறி போட்டிருக்கேன். அப்போ சிவப்புல கத்துச்சு பாப்பா. "ஃபோல்டர் இல்லை, ஃபோல்டர் இல்லை"ன்னு. மேலாளர்கிட்ட சொன்னேன், அவர் யாருக்கோ போன் பண்ணினார். அடுத்த நாள்ல இருந்து கத்தறது நின்னுபோச்சு.

நாத்தனார்: ...அப்டேட் ஏதாவது வந்திருக்கும்.

அண்ணி: எங்க வந்தது? உன் புரோகிராம்லயா, கம்ப்யூட்டர்லயா?

நாத்தனார்: தெரியாது அண்ணி. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்குமா?

அண்ணி: கோவப்படாதே. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன். உன் புரோகிராமைத் திறந்து காட்டேன். எனக்குப் புரியாது, நீ படிச்சுச் சொல்லு.

நாத்தனார்: இந்த மிஷின்ல இல்ல. வீட்டுல இருக்கு.

அண்ணி: இப்போதானே "காட்டச் சொல்றேன்"னு எதையோ திறந்து நாலு வரி தட்டினே?

நாத்தனார்: அது வேற பக்கம்.

அண்ணி: ஏன் திரையை அந்தப் பக்கம் திருப்பற?

நாத்தனார்: கண்ணாடில வெளிச்சம் அடிக்குது.

அண்ணி: சரி... விடு. உனக்கு முகமே வாடிப்போச்சு. எதுவோ ஒரு மூலைல போய் விழுந்திருக்கும். நாளைக்குக் கண்டக்டர் அம்மாவுக்குச் சரியா வரும்ல?

நாத்தனார்: வரும். கோட்டை எடுத்துட்டா வரும்.

அண்ணி: அது போதும் எனக்கு.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: சொல்லு.

நாத்தனார்: ஒண்ணுமில்ல. மணி என்ன?

அண்ணி: நாலாகப் பத்து நிமிஷம். யாரோ வராங்க... மேலாளரா? வாங்க சார். இது என் நாத்தனார், உங்களுக்குத் தெரியுமே.

மேலாளர்: தெரியாம என்ன, நம்ம புரோகிராமே இவங்களுதுதானே. நீங்க இங்க இருக்கறதும் நல்லதாப் போச்சும்மா. ஒன்பது பட்டறைக்கும் அனுமதி வந்தாச்சு. மதியம்தான் போன் வந்தது.

நாத்தனார்: சார், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அண்ணி அந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்ல. நாங்க இப்போ...

மேலாளர்: எந்தக் கடிதம்?

அண்ணி: சார், அது அப்புறம் பேசிக்கலாம். நீங்க அந்தப் பட்டை மேஜைக்கு விளக்கு போடறேன்னீங்களே...

மேலாளர்: அவங்க காலைல ஒன்பதுக்கே எழுதிக் கொடுத்துட்டாங்களேம்மா. நான் நாலு மணி வரைக்கும் யோசிங்கன்னுதான் சொன்னேன். வந்ததும் நேரா என் மேஜைல வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதை வெச்சுத்தானே அனுமதியே வந்தது.

நாத்தனார்: அண்ணி?

அண்ணி: நான்தான் சொன்னேனே, எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னு. வேற ஒண்ணும் நான் கேக்கலியே.

நாத்தனார்: என்ன எழுதியிருக்காங்க சார்?

மேலாளர்: ஃபைல்லதான் இருக்கு. இதோ... "நான்கு முறையும் இடது என்று தட்ட வேண்டிய இடத்தில் வலது என்று தட்டியது நான். புரோகிராமில் எந்தக் குறையும் இல்லை. அதை எழுதியவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை." கீழ கையெழுத்து. நல்ல மனசு. ஏம்மா, நீங்க ஏன் எழுந்துட்டீங்க?

அண்ணி: பாப்பா, உக்காரு. ஒன்பது பட்டறை. சும்மா இரு.

நாத்தனார்: அந்தப் பேப்பரை இப்படிக் கொடுங்க சார். அண்ணி நாலு தடவையும் இடதுன்னுதான் தட்டினாங்க. மிச்சம் எங்க போச்சுன்னு அரைமணி நேரமா என்னைக் கேட்டுட்டே இருக்காங்க, தெரியாதுன்னு சொல்லிட்டேன். தெரியும் சார். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, இது கத்துது, சீக்கிரம் நிறுத்துங்கன்னு நீங்க எனக்குப் போன் பண்ணினீங்களே... பேருக்குள்ள ஒரு கோட்ஸ் தொங்கறதைப் பாத்தேன். அது எப்படி வந்ததுன்னு பாக்கல, அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னும் பாக்கல. கோட்ஸ்ல இருந்து எல்லாத்தையும் வெட்டிடுன்னு எழுதினேன். கத்தறது நின்னுச்சு. அந்த இடதை வெட்டிப் போட்டது நான்தான்.